கோல்டு மெம்பர் எழுதிய புகார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மலேசியாவின் போர்ட்டிக்சன் கடற்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் இது நடந்தது. நான் கைப்பேசியில் தட்டி அனுப்பிய ஒரு புகாரால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அவர் எனக்கு என்ன செய்தார், நான் அவருக்கு என்ன செய்தேன் என்பதை ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என் மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள். என் மனைவி ஏற்கெனவே அந்த வேலையை ஆரம்பித்து வைத்திருக்கிறாள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு செனாவாங்கில். தொழிற்சாலைகளில் உள்ள பேக்கிங் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. இன்று பினாங்கு, நாளை ஜொகூர் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். ஒரே ஹோட்டல் குழுமத்தில் தங்கித் தங்கிப் பாயிண்டு சேர்ந்து நான் கோல்டு மெம்பர் ஆகியிருந்தேன். கவுண்டரில் தனி வரிசை. "வெல்கம் பேக் சார்" என்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பக்கத்து வரிசையில் பெட்டியோடு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே இரண்டு நாள் வேலையை மூன்று நாளாக இழுத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டேனா? கோலாலம்பூரில் ஒரு கஃபேயில், லாத்தே சூடு போதவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பாரில், சலுகை நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டி வாக்குவாதம் செய்து பீர் வாங்கியிருக்கிறேன். அறுபது நிமிட மசாஜ் என்று போட்டுவிட்டு ஐம்பத்தைந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள் என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அநேகமாக எல்லாப் புகாருக்கும் ஏதாவது கிடைக்கும். ஒரு துண்டு கேக், ஒரு வேளை காலை உணவு, இல்லாவிட்டால் கொஞ்சம் பாயிண்டு. வீட்டில் எனக்குப் பெயரே "கம்ப்ளேன்". மனைவி என்னைத் தேடினால் மகளிடம் "கம்ப்ளேன் எங்க?" என்றுதான் கேட்பாள்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. என் அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். வேலை வாங்கும் மண்டோர் திட்டினாலும், கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் நாளைக் குறைத்துப் போட்டாலும், தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். அவர் கேட்காமல் விட்டதையெல்லாம் நான் சேர்த்துக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். மண்டோரிடம் கேட்க வேண்டியதைக் காப்பி கலக்கும் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த டிசம்பரில் வேலை நெருக்கியது. கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் போய்த் திரும்பிய மறுநாளே ஜொகூருக்குக் காரில் போனேன். இடையில் எங்கள் சர்ச் கேரல் குழுவும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி ஒன்றில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். இரண்டு நாள் கழித்து இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. காலுறையைக் கழற்றினால் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. படி ஏறியதில் சுளுக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கிளினிக்குக்குப் போங்கள் என்று மனைவி மூன்று நாளாகச் சொன்னாள். எங்கள் ஆட்களுக்குக் காலில் என்ன வந்தாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான். தைலத்தைச் சூடாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவர் அழுத்தி உருவ வேண்டும். எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது எஸ்டேட்டிலிருந்து வந்த நம்பிக்கை. டாக்டரிடம் போவதெல்லாம் உருவியும் சரியாகாவிட்டால்தான். அது போக, என்னுடைய பாயிண்டுகளில் ஒரு பெரிய பங்கு வருடக் கடைசியோடு காலாவதியாகப் போவதாகக் கைப்பேசி தினமும் எச்சரித்துக்கொண்டிருந்தது. பாயிண்டைக் கொடுத்தால் போர்ட்டிக்சனில் ஓர் இரவு அறையும் ஒரு மசாஜும் இலவசம். சுளுக்குக்கும் வைத்தியம் ஆயிற்று, பாயிண்டும் வீணாகாது. முறுக்கு மாவைப் பாதியில் விட்டுவிட்டு வர மனைவிக்கு மனமே இல்லை. இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் மதியம் மசாஜுக்குப் போனேன். முன்னறையில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். உடம்பில் எங்காவது வீக்கம் உண்டா, சமீபத்தில் நீண்ட பயணம் செய்தீர்களா என்று பக்கம் முழுக்கக் கேள்விகள். இந்த மாதிரி பாரம் எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். ஓர் இடத்தில் "ஆம்" என்று போட்டால் பத்துக் கேள்வி கேட்டு நேரத்தைத் தின்பார்கள். அதனால் படிக்காமலே மேலிருந்து கீழ்வரை "இல்லை" என்று டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மனைவி நீச்சல் குளத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

என்னை உள்ளே அழைத்துப் போனவர் தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சுவா என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவதாகச் சொன்னார். நான் குப்புறப் படுத்ததும், எந்த இடத்தில் வலி என்று கேட்டார்.

"இடது கால்தாம்மா. சுளுக்கு. நல்லா அழுத்தி உருவி விடுங்க. வலிச்சாலும் பரவால்ல."

அவர் என் இரண்டு கெண்டைக்கால்களிலும் ஒரே நேரத்தில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, இந்தக் கால் மட்டும் வீங்கியிருக்கு. சூடாவும் இருக்கு. எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லையே."

"ப்ளேன்ல, கார்ல தூரமா போய்ட்டு வந்தீங்களா?"

"அதானேலா என் வேலையே. நீங்க ஆரம்பிங்க."

"இல்லண்ணே, நான் செய்ய மாட்டேன். இது சுளுக்கு மாதிரி தெரியல. இப்படி இருக்கிற காலைத் தொடவே கூடாதுன்னு கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

எனக்கு வந்ததே கோபம். துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். நீங்கள் என்ன டாக்டரா என்று கேட்டேன். செய்ய முடியாவிட்டால் வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "வேற ஆளையும் தொட விட மாட்டேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் வந்து என் அட்டையையும் பாரத்தையும் பார்த்தார். பாரத்தில்தான் எல்லாம் "இல்லை" என்று இருக்கிறதே! வீக்கம் இல்லை என்று விருந்தினரே கையெழுத்துப் போட்டிருக்கும்போது நீ எப்படி மறுக்கலாம் என்று என் எதிரிலேயே அந்தப் பெண்ணைக் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். படிக்காமல் டிக் போட்டேன் என்று அப்போதே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் வேறொருவர் வந்துவிடுவார் என்று மேனேஜர் மன்னிப்புக் கேட்டு, என்னை முன்னறையில் உட்காரவைத்து இஞ்சித் தேநீர் கொடுத்தார்.

அந்த அரை மணி நேரத்தை நான் வீணாக்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கே எழுதினேன். பயிற்சி இல்லாத ஊழியர், டாக்டர் போல நடந்து விருந்தினரைப் பயமுறுத்துகிறார், கோல்டு மெம்பரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, வேறு ஊழியரையும் தடுக்கிறார். நல்ல நல்ல ஆங்கில வார்த்தைகளாகத் தேடிப் போட்டு அனுப்பினேன். அனுப்பியதும் மனம் குளிர்ந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

இதற்குள் அந்தப் பெண் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? பின்வாசல் வழியாக நீச்சல் குளத்துக்குப் போய் என் மனைவியைத் தேடிப் பிடித்திருக்கிறார். விருந்தினரின் உடம்பைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. "அக்கா, அண்ணன் கோவத்துல இருக்காரு, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. இன்னொரு ஆள் வந்து காலை அமுக்குறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்.

மனைவி ஈரச் செருப்போடு முன்னறைக்குள் வந்தாள்.

"கார் சாவி எங்க?"

"இருலா, இன்னும் பத்து நிமிசத்துல வேற ஆள் வந்துரும்."

"உங்க பாயிண்டெல்லாம் எடுத்துக்கிட்டுக் குழிக்குள்ளயா போகப் போறீங்க? எந்திரிங்க!"

பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எழுந்துவிட்டேன். அவள் காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து புகாரோடு இன்னொரு வரியைச் சேர்த்து அனுப்பினேன். என் சொந்த விஷயத்தை என் அனுமதியில்லாமல் மூன்றாம் ஆளிடம் சொல்லிவிட்டார் என்று. மூன்றாம் ஆள் என்று நான் எழுதியது காரை ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவியை.

ஆஸ்பத்திரியில் காலை ஸ்கேன் செய்தார்கள். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. நீண்ட நேரம் காலை மடக்கியே உட்கார்ந்து பயணம் செய்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு. அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து மேலே போனால் நுரையீரலை அடைத்துவிடும். அப்புறம் சில நிமிடம்தான். யாராவது காலை அழுத்தி உருவினார்களா என்று கேட்டார். இல்லை, ஹோட்டலில் இருந்த பெண் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று மனைவி சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உங்களுக்கு நல்ல நேரம் என்று மலாயில் சொன்னார்.

இன்னும் பத்து நிமிடம் மனைவி வராமல் இருந்திருந்தால், வலித்தாலும் பரவாயில்லை, நல்லா அழுத்துங்கள் என்று நானே சொல்லி என் சாவை வரவழைத்திருப்பேன். அதுவும் இலவசமாக. வார்டில் படுக்கவைத்து வயிற்றில் ஊசி போட்டார்கள். மனைவி என் கையை விடவில்லை, திட்டுவதையும் விடவில்லை. இரண்டுமே எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

நான்காம் நாள், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதியம், மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கேரல் பாடிய பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஹோட்டல் என் நினைவிலேயே இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் கைப்பேசியைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. விருந்தினர் நிரப்பிய பாரத்தோடு ஒப்பிட்டு விசாரித்ததில் ஊழியர் தவறு செய்தது உறுதியாயிற்று. தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது. மன்னிப்பின் அடையாளமாகத் தங்கள் கணக்கில் பாயிண்டுகள் சேர்க்கப்பட்டுள்ளன.

நான் படிக்காமல் போட்ட டிக் அவர் கழுத்துக்குக் கயிறாகியிருக்கிறது. என்னைப் பிழைக்கவைத்தவரை நான் மாட்டிவிட்டு, அதற்குச் சன்மானமும் வாங்கியிருக்கிறேன்.

புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று கைப்பேசியைத் துழாவினேன். எத்தனை நட்சத்திரம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதே தவிர, திரும்பப் பெற ஒரு வழியும் இல்லை. தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். கோல்டு மெம்பர் என்பதால் உடனே எடுத்தார்கள். விஷயம் முடிந்துவிட்டது, கவலைப்படாதீர்கள் சார் என்று இனிமையாகச் சொன்னார்கள். எப்படிச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியவில்லை. இன்னும் ஏதாவது நஷ்ட ஈடு வேண்டுமா என்று கேட்டார்கள். கடைசியில் ஹோட்டலுக்கே அடித்துக் கேட்டபோது, அந்தப் பெண் ஒப்பந்த ஊழியர் என்றும், வருடக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை என்றும் தெரிந்தது. இன்னும் ஐந்தே நாள்.

மனைவி கார் சாவியை எடுத்தாள். டாக்டர் கொடுத்த கடிதத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டேன். இறுக்கமான காலுறை மாட்டிய காலோடு நொண்டிக்கொண்டே அந்த முன்னறைக்குள் நுழைந்தேன். என்னைக் கண்டதும் மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு புகார் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் எதிரில் உட்கார்ந்து, நான் பாரத்தைப் படிக்கவே இல்லை, எழுதியது பொய், கால் அன்றைக்கே வீங்கித்தான் இருந்தது என்று சொன்னேன். அறிக்கையை மேசையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டார். தருகிறேன் என்று பேனாவை வாங்கிவிட்டேன். ஆனால் எழுத வரவில்லை. எத்தனையோ புகார் எழுதிய கை, ஒருவரைப் பாராட்டி இரண்டு வரி எழுதத் தெரியாமல் நின்றது. கடைசியில் ஆங்கில அலங்காரம் எதுவும் இல்லாமல், "இந்தப் பெண் தன் வேலையைச் சரியாகச் செய்தார். நான்தான் பொய் சொன்னேன். இவரால்தான் உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் தாளை எடுத்துக்கொண்டு மேலே போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்ததைவிட அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கனமாக இருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளே ஜெபம் செய்துகொண்டிருந்தாள். மேனேஜர் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தார். பெரியவர்களிடம் பேசிவிட்டேன், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், அவருடைய கோப்பில் இருந்த புகாரையும் நீக்கிவிட்டோம் என்றார். நான் அப்படியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். உயிர் தப்பியதற்குக் கூட நான் அப்படி அழவில்லை.

அந்தப் பெண்ணை அன்றைக்கே பார்க்க முடியுமா என்று கேட்டேன். மசாஜ் வேலையிலிருந்து எடுத்துத் துண்டு மடிக்கும் அறையில் போட்டிருந்தார்கள். போய் நின்றேன். அவர் துண்டை மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"நீங்க எழுதுன புகாரை அப்பவே மேனேஜர் எனக்குப் படிச்சுக் காட்டுனாங்கண்ணே. நல்ல இங்கிலீஸ்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே தொடர்ந்தார். "சரி விடுங்க. கால் எப்படி இருக்கு? மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?"

பாரத்தில் வீக்கம் இல்லை என்று நான் எழுதியிருந்தேனே, மேனேஜரும் திட்டினாரே, அப்புறமும் எப்படி அவ்வளவு உறுதியாக நின்றீர்கள், பயமாக இல்லையா என்று கேட்டாள் என் மனைவி.

"பயம் இல்லாமயா அக்கா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது. ஆனா பாரம் என்ன சொன்னா என்ன, கைக்குத் தெரியுதே. அண்ணனுக்கு ஒண்ணு ஆயிருந்தா அப்புறம் நான் எந்தக் காலைத் தொடுறது?"

என் மனைவி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போதும் அவர் அங்கேதான் வேலை செய்கிறார். கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க வருடா வருடம் சுவாவுக்குப் போகிறோம். நான் திருந்திவிட்டேன் என்று பெருமையடிக்க மாட்டேன். காப்பி ஆறியிருந்தால் இன்னும் வாய் பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுதுவதற்கு முன் எதிரே நிற்பவரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், அநேகமாக அதிலேயே புகார் முடிந்துவிடுகிறது. காசு கொடுத்தும் பாயிண்டு கொடுத்தும் நான் கேட்டதையெல்லாம் எத்தனையோ பேர் சிரித்த முகத்தோடு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் யாருடைய முகமும் எனக்கு நினைவில்லை, நான் கேட்டதைத் தர மாட்டேன் என்று தன் பிழைப்பையே பணயம் வைத்துச் சொன்ன அந்த ஒருவரால்தான் இன்றைக்கு என் மனைவி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.